மிளகுக்கு ஒரு சீட்

எங்கள் மாடிவீட்டுக்காரிக்கு டிரைவிங் ஸ்கூலில் வைத்த பெயர் பிரேக்கக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் இன்னொரு பிரேக்கை வேளை பார்த்து மிதிப்பதுதான் அவள் வேலை. எனக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "கண்ணாடி தலை சீவறதுக்கு மட்டும் இல்ல, பின்னால வர்றவனையும் கொஞ்சம் பாருங்க" என்பாள். தெருமுனையில் வண்டி அணைந்துபோய் நான் விழித்துக்கொண்டிருந்தால், பின்னால் ஹாரன் அடிப்பவர்களிடம் தலையை வெளியே நீட்டி, "நீங்க என்ன, பொறக்கும்போதே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டா வந்தீங்க?" என்று கேட்பாள். கணீரென்ற குரல். அந்தக் குரலைக் கேட்டு வெகு காலமாகிவிட்டது. அதனால்தான் அதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

அவள் கணவருக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இரண்டு பேருக்கும் வெகு நாள் குழந்தை இல்லை. இனிமேல் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட்ட பிறகு அவள் உண்டானாள்.

ஏழாம் மாதத்தில் குழந்தை சீட் வாங்கக் கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"மேடம், இதை ரெண்டு பக்கமும் போடலாம். ஒரு வயசு வரைக்கும் பின்னாடி பார்த்து. அப்புறம் முன்பக்கமா திருப்பிடுங்க."

"எதுக்குத் திருப்பணும்?"

"குழந்தை வேடிக்கை பார்க்கும்ல?"

"வேடிக்கைய வீட்டுல பார்த்துக்கட்டும். நான் பிரேக் போடறப்ப பெரிய பெரிய ஆளுங்க தலையே எப்படி முன்னால பறக்குதுன்னு தினம் பார்க்கறவ நான். பச்சப்புள்ளைக்குத் தலைதான் பெருசு, கழுத்து கீரைத்தண்டு. பின்னாடி பார்த்து உட்கார்ந்தா அந்த வேகத்தை முதுகு மொத்தமும் வாங்கிக்கும். உள்ள உட்கார முடியற வரைக்கும் அப்படியேதான் இருக்கணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

கஷ்டம் சீட்டில் இல்லை, வண்டியில் இருந்தது. வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்து அவளிடம் இருந்தது ஒரே ஒரு பழைய சின்னக் கார். பின்சீட்டின் நடுவில் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட். அதில் இந்த சீட் நிற்காது. டிரைவருக்குப் பின்னால் வைத்தால், நெட்டையாக யாராவது கற்றுக்கொள்ள வந்தால் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ள முடியாது. மிச்சம் இருந்தது பக்கத்து சீட்டின் பின்புறம். அங்கே வைத்ததும் அவள் உட்காருகிற சீட் முன்னால் போய், முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

"இப்படி உட்கார்ந்து பிரேக் மிதிக்கணும்னா முழங்காலைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுத்தான் வரணும்" என்றாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

இரண்டாவது சீட்டுக்கு பெல்ட் எட்டவில்லை. சுற்றிக் கொண்டுவந்தால் பூட்டுக்கு ஒரு சாண் முன்பாகவே முடிந்துவிட்டது. வேறொரு கடையில் கிடைத்த மூன்றாவது சீட்தான் குட்டையாக இருந்தது. அதிலும், பக்கத்தில் இருந்த சரிவு காட்டும் குமிழ் கோட்டுக்குள் நிற்க மறுத்தது. கார் சீட்டும் அதன் சாய்மானமும் சேரும் இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்ததும் குமிழ் மெதுவாக நகர்ந்து நடுவில் வந்து நின்றது. பெல்ட்டை இறுக்கி, சீட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். கார்தான் ஆடியது, சீட் ஆடவில்லை. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குழந்தை பிறந்து கைக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

குழந்தை வயிற்றுக்குள் தலை மேலே, கால் கீழே என்று உட்கார்ந்தே இருந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண். உருண்டையாக, கறுப்பாக, சிறுத்து இருந்ததால் அப்பா மிளகு என்று கூப்பிட்டார். அதுவே நின்றுவிட்டது.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பின்சீட்டிலும் ஏறுகிற காரில் குழந்தை சீட் எப்போதும் இருக்க முடியாது அல்லவா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் மிளகை அதில் கட்டி நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோவாள். குழந்தையை இறக்கி, சீட்டைக் கழற்றி அங்கேயே முன்னறையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவாள். மாலையில் வந்து, மறுபடி துண்டைச் சுருட்டி, குமிழைப் பார்த்து, பெல்ட்டை இறுக்கி, உலுக்கி, அப்புறம்தான் குழந்தை. மழை பெய்தாலும் இதேதான். முதுகு நனைய நனைய காருக்குள் பாதி உடம்பை நுழைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

நாத்தனார் அவள் கணவருக்கு அக்கா. தனியாக இருந்தவர். மிளகு என்றால் உயிர். பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டது அவர்தான். ஆனால் அந்த சீட்டை மட்டும் அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

"கட்டிப்போட்டு, முகத்தைத் திருப்பி வச்சு... குழந்தை என்ன தப்பு பண்ணுச்சுன்னு மூலைல உட்கார வைக்கறே? நாங்கல்லாம் மடியில உட்கார்ந்துதான் வளர்ந்தோம்."

"நல்லா வளர்ந்தீங்க அண்ணி, யாரு இல்லேன்னா? மடிக்கு பெல்ட் கிடையாது, அவ்வளவுதான்."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் இதைப் பேசுவார்கள். அப்போதெல்லாம் அது வெறும் கேலியாகத்தான் இருந்தது.

மிளகு நடக்க ஆரம்பித்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். வாத்து மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் ரசித்தோம். நானே அதைப் போல நடந்துகாட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன். நாட்கள் போயும் சாய்வு போகவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பதை, குளிப்பாட்டிவிட்டுத் துடைக்கும்போது நாத்தனார்தான் முதலில் பார்த்தார்.

எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினாராம். தொடையெலும்பின் உருண்டை, இடுப்பில் அதற்கென்று இருக்கும் கிண்ணத்தில் உட்காரவே இல்லை. பிறந்ததிலிருந்தே வெளியில் இருந்திருக்கிறது. வயிற்றில் உட்கார்ந்த நிலையில் இருந்த குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டாம். முதல் சில மாதங்களிலேயே கண்டுபிடித்திருந்தால் ஒரு பட்டை கட்டியே சரிசெய்திருக்கலாம். இப்போது ஆபரேஷன்தான். அப்புறம் மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். அழுகைக்கு நடுவில், என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

"அந்தக் கார் தொட்டிக்குள்ள காலை ஒடுக்கி ஒடுக்கித் திணிச்சியே. தினமும் திணிச்சியே. அதுல வராம எதுல வரும்?"

கணவர், "அக்கா!" என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எதற்கும் பதில் வைத்திருக்கிற பிரேக்கக்கா, அன்று மிளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டாள். இல்லவே இல்லை, பிறக்கும்போதே இருந்தது என்றார். வேறொரு டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். என்னிடம் வந்து, "ஆறுதலுக்குச் சொல்றாங்க. பெத்தவ முகத்தைப் பார்த்து வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றாள்.

ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று சொன்ன நாளில் நானும் போயிருந்தேன். மிளகைத் தூக்கிக்கொண்டு வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. கால்கள் இரண்டும் தவளைக்கு விரிவது போல விரிந்து கட்டுக்குள் இறுகியிருந்தன. அவை அசையாமலிருக்க இரண்டுக்கும் நடுவே ஒரு குச்சி. கட்டு போடுகிற சிஸ்டர் அந்தக் குச்சியைத் தொட்டுக்காட்டி, "எக்காரணம் கொண்டும் இதைப் பிடிச்சுத் தூக்காதீங்க. கைப்பிடி மாதிரி இருக்கும், கை தானா போகும். போகக் கூடாது" என்றார்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அவள் காலையிலேயே சீட்டைப் பொருத்தி வைத்திருந்தாள். அவ்வளவு நாள் பழகிய கை. ஆனால் விரிந்த கால்கள் சீட்டின் உயர்ந்த இரண்டு விளிம்பிலும் இடித்தன. சாய்த்துப் பார்த்தாள். அடியில் இருந்த மெத்தையை உருவிப் பார்த்தாள். மிளகு வீறிட்டாள். கட்டின் முனை தொடையில் அழுத்தியது.

"விட்டுடும்மா, போகலை" என்றார் கணவர்.

"போகும். இருங்க, இந்த வாரைத் தளர்த்தினா..."

"போகலை."

காருக்குள்ளிருந்து அவள் வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே விளிம்பு தாழ்ந்த சீட்டுகள் சில இருந்தன. எல்லாம் வேறு குழந்தைகளிடம் போயிருந்தன. அன்றைக்கு ஆம்புலன்சில் அனுப்பிவைத்தார்கள்.

அதன் பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. மாடியில் குழந்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டு, கட்டுக்குள் ஈரம் இறங்காமல் துணி மாற்றி, அரிக்கிறது என்று அழும்போது விசிறிவிட்டு நாட்களைத் தள்ளினாள். நான் ஏதாவது சமைத்துக்கொண்டு போவேன். வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். நடுவில் ஒருநாள் தாழ்ந்த சீட் ஒன்று திரும்பி வந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். கணவர் ஓடிப்போய்த் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு பேருமாகக் காரில் வைத்துப் பார்த்தார்கள். அதன் அடிப்பாகம் அகலம். பெல்ட்டின் பூட்டு அதற்குக் கீழே போய் மாட்டிக்கொண்டு இறுகவே இல்லை. பிடித்து ஆட்டினால் கதவு மாதிரி ஆடியது. துண்டு வைத்தாள், திருப்பி வைத்தாள், அந்தப் பக்கம் மாற்றினாள். கடைசியில் கீழே இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு மேலே போனாள். மறுநாள் கணவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார், அதற்காகக் காத்திருந்த வேறு யாருக்கோ.

மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நாள் வந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து காத்திருந்தோம். ஒரு விபத்துக்குப் போய்விட்டது, இன்றைக்கு வராது என்று போன் வந்தது.

"இன்னொரு நாள் போகலாம்" என்றாள் அவள்.

"இன்னிக்குப் பார்த்தே ஆகணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே" என்றார் கணவர்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வாடகைக் கார் பிடிக்கலாம்மா. பின்னாடி நீ உட்கார்ந்து மடியில படுக்க வச்சுக்கோ. மெதுவா ஓட்டச் சொல்லுவோம். என் பேச்சைக் கேளு." கேலியோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. கெஞ்சினார். அதனால்தான் அவளால் மறுக்க முடியாமல் போனது என்று நினைக்கிறேன்.

பொறுமையான டிரைவர். "சார், குழந்தை இருக்கு, பார்த்து" என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். முன்னால் கணவர், பின்னால் அவளும் நாத்தனாரும். மடியில் குறுக்காக மிளகு. அடுத்து நடந்ததை அவள் எனக்கு மட்டும் சொன்னாள். பாலம் இறங்கும் இடத்தில் ஒரு சைக்கிள்காரர் சட்டென்று குறுக்கே வந்தார். பிரேக் போட வேண்டிய அளவுக்குத்தான் டிரைவர் போட்டார். அவள் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் போட்டிருப்பாள். குழந்தை மடியிலிருந்து முன்னால் சறுக்கியது. அவள் பிடித்தாள். எதைப் பிடித்தோம் என்று பார்த்தபோது கை அந்தக் குச்சியில் இருந்தது.

"சிஸ்டர் சொன்ன மாதிரியே, கை தானா போயிடுச்சு" என்றாள். "இழுத்தேன். நல்லா இழுத்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தாங்க. யாருக்கும் தெரியாது."

எக்ஸ்ரேயில் உருண்டை கிண்ணத்தை விட்டு நழுவியிருந்தது.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டாராம். சில குழந்தைகளுக்கு இப்படி நடக்கும், கிண்ணம் ஆழமில்லை, கட்டுப் போட்ட கொஞ்ச நாளிலேயே நழுவியிருக்கலாம், யார்மேலும் தப்பில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நாத்தனார் அழ ஆரம்பித்தார். மடியில் வைத்துக் கொண்டுபோகச் சொன்னது நான்தானே என்று அவருக்கு. அவள் அண்ணியின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். குச்சியைப் பற்றி வாய்திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் பாரமாவது இறங்கியிருக்கும். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாளாம்.

மறுபடி ஆபரேஷன். இந்த முறை எலும்பை வெட்டித் திருப்பி வைத்தார்கள். மறுபடி கட்டு. அதே ஆம்புலன்ஸ், அதே விசிறி. கட்டு பிரித்த அன்று, பழுப்பேறி உரிந்துகொண்டிருந்த அந்த மெலிந்த கால்களைப் பார்த்துக் கணவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார். மிளகுக்கு நடை மறந்துபோயிருந்தது. சுவரைப் பிடித்து நிற்கவே மாதங்கள் ஆயின. இப்போது நடக்கிறாள். கால் ஒரு விரற்கடை குட்டை. சாய்வு முன்பைவிட அதிகம். வளர்ந்த பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். செய்தால் சரியாகிவிடும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிரேக்கக்கா டிரைவிங் ஸ்கூலில்தான் இருக்கிறாள், ஆனால் வண்டியில் ஏறுவதில்லை. ஒரு அறையில் உட்கார்ந்து சாலைக் குறியீடுகள் சொல்லித்தருகிறாள். ஒருநாள் அங்கே போயிருந்தேன். பலகையில் ஒவ்வொரு படமாகக் குச்சியால் தொட்டு, "இது வளைவு. இது பள்ளி. இது நில்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. யாரோ "சத்தமா சொல்லுங்க மேடம்" என்றார்கள். "ம்" என்றுவிட்டு அதே குரலில் தொடர்ந்தாள். கணவர்தான் அவளுடன் வேலை செய்கிற ஒருவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு காரை எடுக்கிறார். மிளகு போக வேண்டிய இடமெல்லாம் அவர்தான் கூட்டிப்போகிறார். நாத்தனாரும் அவளும் ஒருவரிடம் ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் நான் மாடியில் இருந்தபோது ஒரு போன் வந்தது. முன்பு அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு அடுத்த மாசம் டெலிவரி. கார்ல குழந்தை சீட் எது வாங்கறதுன்னு குழப்பமா இருக்கு. உங்களைத்தான் கேட்கணும்னு இவர்கிட்ட சொன்னேன்."

முன்பென்றால் அந்தப் பெண்ணின் காதைப் புளிக்கவைத்துவிட்டுத்தான் போனை வைத்திருப்பாள்.

"கடையில கேட்டுக்கோம்மா" என்றாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது."

கணவர் உள்ளேயிருந்து வந்து போனை எடுத்துக்கொண்டார். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"பின்பக்கம் பார்த்துத்தான் போடணும்மா. சீக்கிரம் திருப்பிடாதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க கார்லயே வச்சுப் பாருங்க, எல்லாக் கார்லயும் எல்லாம் உட்காராது. பக்கத்துல ஒரு குமிழ் இருக்கும், அது நடுவுல நிக்கணும். நிக்கலேன்னா ஒரு துண்டைச் சுருட்டி முன்பக்கம் வைங்க..."

"முன்பக்கம் இல்ல" என்றாள் அவள், மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தபடியே. "இடுக்குல."

"இடுக்குல வைங்கம்மா. சாய்மானம் சேர்ற இடத்துல. தலை முன்னால கவிழக் கூடாது, மூச்சு முட்டும்."

அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு, மிளகைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் படுக்கவைத்தாள். காலுக்குப் பயிற்சி கொடுக்கிற நேரம். முழங்காலை மடக்கி, வெளிப்பக்கமாகச் சாய்த்து, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். வலிக்கும். மிளகு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா வேணாம், அம்மா போதும்" என்று அழ ஆரம்பித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இன்னொரு கையால் குழந்தையின் இடுப்பை அழுத்திப் பிடித்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் கொண்டுவந்திருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.